வில்பத்தா, யாலவா, குமணவா? ஜீப் பயணத்துக்கு அமைதியான காட்டைத் தெரிவு செய்தல்

இலங்கையின் காடொன்றை ஜீப் வண்டியில் சுற்றிப் பார்க்க விரும்பும் குடும்பம், தன்னால் எத்தனை மணி நேரம் காட்டுக்குள் இருக்க முடியும் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டால், எந்தக் காட்டுக்குப் போவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். கையில் இருப்பது நான்கு மணி நேரம்தான், அதற்குள் சிறுத்தையைப் பார்த்துவிட வேண்டும் என்றால் தென்கிழக்குக் கரையிலுள்ள யாலவே பொருத்தம். காலை முதல் மாலை வரை ஒரு முழு நாளை ஒதுக்க முடியும், விலங்குகள் கண்ணில் பட்டாலும் படாவிட்டாலும் காட்டின் அமைதி வேண்டும் என்றால் வடமேற்கிலுள்ள வில்பத்துவுக்கு நிகரான இடம் இந்தத் தீவில் இல்லை என்பது என் உறுதியான கருத்து. கிழக்கு மாகாணத்தவர்களுக்கும் பறவைகளை நேசிப்பவர்களுக்கும் குமண என்ற மூன்றாவது தெரிவும் உண்டு. பயணத் திட்டம் போடும்போது பலர் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

யாலவும் வில்பத்துவும் 1938 ஆம் ஆண்டில் அடுத்தடுத்துத் தேசிய பூங்காக்களாக அறிவிக்கப்பட்டவை. பரப்பளவில் வில்பத்து பெரியது; ஏறத்தாழ 1,317 சதுர கிலோமீற்றர். யாலவின் எல்லாப் பகுதிகளையும் சேர்த்தால் 979 சதுர கிலோமீற்றர் வரும். ஆனால் யால பல வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பயணிகளில் மிகப் பெரும்பாலானோர் செல்வது சாரதிகள் 'புளொக் வன்' என்று சொல்லும் முதலாம் வலயத்துக்குத்தான். அதன் பரப்பு ஏறத்தாழ 141 சதுர கிலோமீற்றர் மட்டுமே. நூற்றுக்கணக்கான ஜீப் வண்டிகள் ஒரே நாளில் அந்தச் சிறிய வலயத்துக்குள் நுழையும்போது என்ன நடக்கும் என்பதை வரைபடத்தைப் பார்த்தே ஊகித்துவிடலாம்.

யாலவின் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அங்கே காடு திறந்து கிடக்கிறது. முட்புதர்கள், புல்வெளிகள், சிறு குளங்கள், கடலோரக் களப்புகள், இவற்றுக்கிடையே எழுந்து நிற்கும் கற்பாறைகள் என்று கண்ணுக்கு எட்டும் தூரம் அதிகம். இலங்கையில் சிங்கமோ புலியோ இல்லாததால் காட்டின் தலைமை வேட்டை விலங்கு சிறுத்தையே. தன்னை விடப் பெரிய எதிரிக்கு அஞ்சி ஒளிய வேண்டிய தேவை இல்லாத அந்த விலங்கு பகல் வெளிச்சத்திலும் வெளியே வருகிறது. மாலையில் பாறையின் மேல் உடலை நீட்டிப் படுத்திருக்கும். உலகிலேயே சிறுத்தைகள் நெருக்கமாக வாழும் இடங்களில் ஒன்றாக யாலவின் முதலாம் வலயம் கருதப்படுகிறது. வாயிலைத் தாண்டிய சிறிது நேரத்திலேயே விலங்குகள் தென்படத் தொடங்கிவிடும் என்பதால், அரைநாள் பயணத்திலும் யானை, முதலை, குழுமாடு, காட்டுப்பன்றி, மயில் ஆகியவற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். சிறு பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் வருகிறவர்களுக்கு இது பெரிய வசதி.

ஆனால் அந்தச் சிறுத்தையைப் பார்க்கும் கணம் பெரும்பாலும் எப்படி அமைகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு சாரதி பாறையில் சிறுத்தையைக் காண்கிறார். தொலைபேசியில் செய்தி பரவுகிறது. சில நிமிடங்களுக்குள் எல்லாத் திசைகளிலிருந்தும் வண்டிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து ஒன்றன் பின் ஒன்றாக நெருக்கிக்கொள்கின்றன. பூங்காவுக்குள் வேக எல்லை மணிக்கு 25 கிலோமீற்றர் என்பதை அந்த நேரத்தில் யாரும் நினைப்பதில்லை. முன்னால் நிற்கும் சில வண்டிகளுக்கு விலங்கு தெரியும். பின்னால் நிற்பவர்களுக்கு முன்வண்டியின் முதுகும் டீசல் புகையும்தான் மிச்சம். நடுவில் மாட்டிக்கொண்ட சிறுத்தை எழுந்து புதருக்குள் போய்விடுகிறது. பாடசாலை விடுமுறையிலும், வார இறுதியிலும், டிசெம்பர் மாதத்திலும் இது வழமையான காட்சி. யாலவுக்குத்தான் போக வேண்டும் என்று முடிவு செய்தவர்கள், பலட்டுப்பான பிரதான வாயிலைத் தவிர்த்துக் கட்டகமுவ வாயிலால் நுழையலாம்; அல்லது புத்தல–கதிர்காமம் வீதியிலுள்ள கல்கே வாயிலால் ஐந்தாம் வலயத்துக்குச் செல்லலாம். அங்கே சிறுத்தையைக் காணும் வாய்ப்பு குறைவுதான். நெரிசலும் அதைப் போலவே குறைவு.

வில்பத்து வேறு வகையான காடு. ஹுனுவில்கம வாயிலைத் தாண்டியதும் நீண்ட தூரத்துக்கு இரு பக்கமும் பாலை, வீரை, முதிரை, கருங்காலி என்று வறண்ட வலயத்து மரங்கள் சுவர் போல நெருங்கி நிற்கின்றன. வீதியோரத்தில் சில அடிகளுக்கு அப்பால் எதுவும் தெரியாது. அந்தச் சுவர் திடீரென்று விலகும் இடத்தில் ஒரு வில்லு விரிந்து கிடக்கும். ஆற்றோடு தொடர்பில்லாமல் மழைநீர் தேங்கி உண்டான இயற்கையான பள்ளங்கள் இவை. ஓரமெல்லாம் வெண்மணல், அதற்கு உள்ளே புல், நடுவில் தாமரையும் அல்லியும். கும்புக்வில, பாணிக்கவில, தாலவில எனப் பெயர் பெற்ற பல வில்லுகள் காட்டுக்குள் சிதறிக் கிடக்கின்றன. வடக்கே மோதரகம் ஆறும் தெற்கே கலா ஓயாவும் மேற்கே கடலும் இந்தக் காட்டுக்கு எல்லைகளாக அமைகின்றன.

போர்க்காலத்தில், 1988 ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்ட இந்தப் பூங்கா 2003 இல் திறக்கப்பட்டு, மறுபடியும் மூடப்பட்டு, 2010 இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. யாலவைச் சுற்றி விடுதிகளும் ஜீப் வண்டிகளும் பெருகிக்கொண்டிருந்த ஆண்டுகளில் பெரும்பகுதி வில்பத்து பூட்டிக் கிடந்தது. இன்று அங்கே நிலவும் அமைதிக்கு அதுவும் ஒரு காரணம். மற்றொரு காரணம் காட்டின் பரப்பு. ஒரு முழுநாளில் நீங்கள் எதிர்கொள்ளும் வண்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்று எல்லா நாளைக்கும் உறுதி சொல்ல முடியாது. அநுராதபுரத்துக்கு யாத்திரிகர்கள் திரளும் பௌர்ணமி விடுமுறைகளில் இங்கும் கூட்டம் உண்டு. வாரநாள் ஒன்றில் போனால், ஒரு வில்லின் கரையில் எஞ்சினை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் தனியாக இருக்கும் வாய்ப்பு நிச்சயம் கிடைக்கும்.

அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் வில்பத்துவைத் தெரிவு செய்ய வேண்டும். எஞ்சின் ஓசை அடங்கிய பிறகுதான் காடு பேசத் தொடங்குகிறது. மரத்தின் உச்சியிலிருந்து மந்தி ஒன்று கரகரத்த குரலில் இருமுவது போலக் கத்தும். அதைத் தொடர்ந்து புள்ளிமான் ஒன்று கூர்மையாகக் குரல் கொடுக்கும். இரண்டும் ஒரே திசையைப் பார்த்துக் கத்தினால் அங்கே சிறுத்தை நடமாடுகிறது என்று நல்ல சாரதி அறிவார். விடியற்காலையில் மணல் வீதியில் பதிந்திருக்கும் கால் தடங்களையும் அவர் வாசித்துக்கொண்டே வருவார். நேற்றைய சில்லுத் தடத்தின் மேல் சிறுத்தையின் பாதம் பதிந்திருந்தால் அது இரவில் நடந்து போயிருக்கிறது. பாதத்தின் விளிம்பு சரியாமல் கூர்மையாக இருந்தால் நடந்து வெகு நேரம் ஆகவில்லை. தொலைபேசிச் செய்தியை நம்பி ஓடும் பயணத்தில் இவற்றுக்கெல்லாம் இடமே இல்லை. இப்படித் தேடிக் கண்டடைந்த ஒரு சிறுத்தையை ஒரே நிமிடம் பார்த்தாலும், வரிசையில் நின்று பார்த்த பத்து நிமிடத்தை விட அது மேலானது என்று நான் நினைக்கிறேன்.

ஆகவே அரைநாளா முழுநாளா என்ற கேள்வி வில்பத்துவைப் பொறுத்தவரை மிகவும் முக்கியமானது. காலை 6 மணிக்கு வாயில் திறந்து மாலை 6 மணிக்கு மூடுகிறது. அரைநாள் பயணம் என்று விற்கப்படுவது காலையில் நான்கு மணி நேரம் அல்லது பிற்பகலில் நான்கு மணி நேரம். யாலவில் அது போதும். வில்பத்துவிலோ வில்லுகளைச் சென்றடைவதற்கும் திரும்புவதற்குமே அந்த நேரத்தில் கணிசமான பகுதி கழிந்துவிடும். எஞ்சிய நேரத்தில் சாரதி அவசரப்படுவார், அவசரப்படும் வண்டிக்கு இந்தக் காடு எதையும் காட்டாது. 'வில்பத்துவில் ஒன்றுமே இல்லை' என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலானோர் அரைநாள் போனவர்களாகவே இருப்பார்கள். முழுநாள் போகிறவர்கள் காட்டுக்குள் மரதன்மடு என்ற இடத்தில் இறங்கி மதியச் சாப்பாட்டைச் சாப்பிடலாம். நேரமும் வீதியின் நிலையும் இடங்கொடுத்தால், மேற்குக் கரையில் செம்மண் மேடாகக் கடலை நோக்கி நிற்கும் குதிரைமலை வரைக்கும் போய்வரலாம். மன்னார், புத்தளம் பகுதிகளின் பழங்கதைகள் அல்லிராணியோடு சேர்த்துப் பேசும் இடம் அது. ஆனால் விலங்குகளே நோக்கம் என்றால் குதிரைமலைக்குச் செலவாகும் மணித்தியாலங்களை வில்லுகளின் கரையில் செலவிடுவதே நல்லது.

முழுநாள் என்பது எல்லாருக்கும் ஏற்றதல்ல. குழியும் மணலும் நிறைந்த வீதியில் நாள் முழுக்கக் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். முதுகு வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தவிர்ப்பதே நல்லது. அனுமதிக்கப்பட்ட ஓரிரு இடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. கழிப்பறையும் அந்த இடங்களில் மட்டுமே. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பத்து மணிக்கு மேல் வெயிலில் சோர்ந்துவிடுவார்கள். இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு, உண்மையில் யானைகளைப் பார்ப்பதுதான் ஆசை என்றால், இந்த மூன்று காடுகளையும் விட்டுவிட்டு உடவளவைக்கு அரைநாள் போகும்படி சொல்வேன். ஆண்டின் எந்த மாதத்திலும் அங்கே யானைகள் திறந்த வெளியில் நிற்கும். ஜூலை முதல் ஒக்டோபர் வரை என்றால் மின்னேரியா, கவுடுல்ல குளங்களின் வற்றிய படுகைகளில் அவை பெரும் கூட்டமாகக் கூடுகின்றன.

குமணவுக்கு வருவோம். பொத்துவில், அறுகம்பை, பாணமை வழியாகத் தெற்கே போனால், உகந்தை முருகன் கோயிலுக்கு அருகில் பூங்காவின் வாயில் இருக்கிறது. ஏறத்தாழ 356 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இந்தக் காட்டை முன்பு யால கிழக்கு என்று அழைத்தார்கள். 2006 இல்தான் குமண தேசிய பூங்கா என்று பெயர் மாறியது. கும்புக்கன் ஓயாவுக்கு அருகில் கண்டல் மரங்கள் சூழ்ந்த குமண வில்லில், ஏப்ரல் தொடக்கம் ஜூலை வரை நீர்ப்பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. மஞ்சள் மூக்கு நாரைகள், கூழைக்கடாக்கள், துடுப்புவாயன்கள் என்று ஒரே மரத்தில் பல இனங்கள் கூடியிருப்பதைக் காணலாம். இலங்கையில் மிக அரிதாகிவிட்ட கறுப்புக் கழுத்து நாரையைத் தேடி வருகிறவர்களும் உண்டு. சிறுத்தையும் யானையும் இங்கே இருந்தாலும் அவற்றை நம்பி வரக் கூடாது. மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பகுதிகளிலிருந்து வருவோருக்கு யாலவை விடக் குமண மிக அருகில் இருக்கிறது, கூட்டமும் குறைவு. ஒரே ஒரு எச்சரிக்கை: கதிர்காம ஆடி விழாவுக்காகப் பாதயாத்திரை அடியார்கள் உகந்தையிலிருந்து இந்தக் காட்டு வழியாக நடக்கும் நாட்களில் இங்கே அமைதியை எதிர்பார்க்க முடியாது. அந்த நாட்கள் அடியார்களுக்கு உரியவை. ஜீப் பயணத்தை அதற்கு முன்னரோ பின்னரோ வைத்துக்கொள்வதுதான் முறை.

எந்த மாதம் போவது என்பது அடுத்த கேள்வி. வில்பத்துவுக்கு மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை வருகிறது. அந்த மழைக்குப் பின், ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் வரை வில்லுகள் நிறைந்து காடு பச்சையாக இருக்கும். வலசை வந்த பறவைகளும் அப்போது அங்கேயே இருக்கும். ஆனால் எங்கும் தண்ணீர் இருப்பதால் விலங்குகள் சிதறிப் போயிருக்கும். மே மாதத்துக்குப் பின் காடு காய்ந்து, ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் எஞ்சிய நீரைத் தேடி அவை வில்லுகளுக்கு வந்தே ஆக வேண்டும். புழுதியும் வெயிலும் கடுமையாக இருக்கும், ஆனால் காண்பதற்கு மிகவும் வாய்ப்பான காலம் அதுவே. இரண்டுக்கும் இடையில், ஜூன் மாதத்தையொட்டிப் பாலைப்பழம் பழுக்கும் சில வாரங்களை நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். வன்னியில் வளர்ந்தவர்களுக்குப் பாலைப்பழத்தின் இனிப்பையும் உதட்டில் ஒட்டும் அதன் பாலையும் விளக்கத் தேவையில்லை. அந்த இனிப்புக்குக் கரடியும் அடிமை. வழமையில் மனிதர் கண்ணில் படாமல் ஒதுங்கித் திரியும் அது, பழக்காலத்தில் பட்டப் பகலிலும் பாலை மரத்தில் ஏறிக் கிளைகளை வளைத்துத் தின்னும். மரப்பட்டையில் நீளமாக விழுந்திருக்கும் நகக் கீறல்களைக் காட்டித் தரும் சாரதி கிடைத்தால், கரடி வராவிட்டாலும் அந்த மரத்தடியில் காத்திருப்பது வீண் அல்ல.

யாலவின் முதலாம் வலயம் கடும் வறட்சியை முன்னிட்டு வழக்கமாகச் செப்டெம்பர் தொடக்கத்திலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரை மூடப்படுகிறது. விமானச் சீட்டு எடுத்து வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

பயண வழியையும் சேர்த்து எண்ண வேண்டும். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியாப் பகுதியினருக்கு ஏ9 வீதியால் அநுராதபுரம் வந்து அங்கே இரவு தங்கி, விடியுமுன் புறப்பட்டு ஹுனுவில்கமவை அடைவது எளிது. யாலவுக்கு அவர்கள் நாட்டின் மறுமுனைக்கே போக வேண்டும். மன்னாரிலிருந்து வருவோரும் மதவாச்சி வழியாக அநுராதபுரம் வருவதே நம்பகமானது. கொழும்பிலிருந்து புத்தளம் வழியாக வருகிறவர்களுக்கு இலவங்குளம் வாயில் கிட்டியதாகத் தோன்றினாலும், மழைக்காலத்தில் கலா ஓயா பெருகினால் அந்தப் பக்கத்துப் பாதை நீரில் மூழ்கிவிடும். யாலவுக்கு மட்டும் கொழும்பிலிருந்து அதிவேக நெடுஞ்சாலை அம்பாந்தோட்டை வரை இருப்பதால், தலைநகரத்தவர்கள் அதையே விரும்புவதில் வியப்பில்லை.

செலவைப் பொறுத்தவரை இரண்டு தொகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்குச் செலுத்தும் நுழைவுக் கட்டணம் ஒன்று. ஜீப் வாடகை மற்றொன்று. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு நுழைவுக் கட்டணம் உள்நாட்டவருக்கு உள்ளதை விடப் பல மடங்கு. ஆகவே தேசிய அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் அதை மறக்காமல் கொண்டுபோக வேண்டும். நுழைவுச்சீட்டு பொதுவாக ஒருமுறை உள்ளே போவதற்கு மட்டுமே என்பதால், காலையில் ஒரு அரைநாளும் மாலையில் ஒரு அரைநாளும் போவது, முழுநாள் ஒன்றை விடச் செலவு கூடியது. வாடகையில் மிச்சம் பிடிக்க நினைத்து, முன்பின் தெரியாதவர்களோடு ஒரே வண்டியைப் பகிர்ந்துகொள்ளும் யோசனை யாலவுக்குச் சரிவரலாம். வில்பத்துவுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒருவர் எஞ்சினை நிறுத்திக் காத்திருக்க விரும்புவார், மற்றவர் அடுத்த இடத்துக்கு ஓட விரும்புவார். கடைசியில் இருவருக்கும் திருப்தி இருக்காது. ஆறு பேர் அமரும் வண்டியில் நால்வர் போவதே வசதி. அப்போது எல்லாருக்கும் ஓரத்து இருக்கை கிடைக்கும்.

பூங்காவுக்குள்ளேயே திணைக்களத்தின் பங்களாக்களில் தங்குவதும் ஒரு தெரிவு. இரவில் யானை வந்து முற்றத்தில் நிற்கும் அனுபவத்தை எந்த விடுதியும் தராது. ஆனால் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், நான்கு சில்லிலும் இழுவை உள்ள வண்டி வேண்டும், சமையலுக்கான அரிசி முதல் குடிதண்ணீர் வரை எல்லாவற்றையும் சுமந்து போக வேண்டும். காட்டுப் பழக்கம் உள்ள நண்பர் குழுவுக்கு இது உகந்தது. முதல் தடவை போகும் குடும்பத்துக்கு வாயிலுக்கு வெளியே உள்ள சிறு விடுதிகளே போதும்.

இவை எல்லாவற்றையும் விடச் சாரதியைத் தெரிவு செய்வதுதான் பயணத்தின் தரத்தைத் தீர்மானிக்கிறது. முதல் நாள் மாலையே அவரோடு பேசி, சிறுத்தையைத் துரத்த வேண்டாம், வில்லுகளின் கரையில் எஞ்சினை நிறுத்தி நேரம் கொடுக்க வேண்டும், வேறு வண்டிகள் கூடி நிற்கும் இடத்துக்குப் போகத் தேவையில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சிறுத்தையைக் காட்டினால்தான் சந்தோசக் காசு கிடைக்கும் என்ற எண்ணம்தான் பல சாரதிகளை வேகமாக ஓட வைக்கிறது; நிதானமாக ஓட்டியதற்காகவே அதைத் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னால் பயணத்தின் போக்கே மாறிவிடும். இதைச் சொல்லும்போது அவர்களில் பலர் மகிழ்வதைப் பார்த்திருக்கிறேன்; அந்தக் காட்டை நம்மை விட நேசிப்பவர்கள் அவர்கள்.

என்னைக் கேட்டால், ஜூன் மாதத்து வாரநாள் ஒன்றில், தனி வண்டியில், ஹுனுவில்கம வாயிலால் முழுநாள் வில்பத்துப் பயணம் என்றே சொல்வேன். மதியத்துக்குச் சோறு கட்டிக்கொண்டு போகலாம், ஆனால் பொலித்தீன் பைகளை வாயிலிலேயே தடுப்பார்கள் என்பதால் வாழையிலையோ பாத்திரமோ நல்லது. ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், புழுதிக்கு முகத்தை மூட ஒரு துணி, தொலைநோக்கி ஒன்று இருந்தால் அதுவும் போதும். சாம்பல், பச்சை, மண்ணிற உடைகளே காட்டுக்கு ஏற்றவை. டிசெம்பர் விடுமுறையில்தான் வர முடியும் என்பவர்கள் புறப்படுவதற்கு முதல் நாள் வாயிலிலோ சாரதியிடமோ வீதிகளின் நிலையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பெருமழைக்குப் பின் உள்வீதிகள் சில மூடப்பட்டு, மீதியிருக்கும் சில வில்லுகளை மட்டுமே சுற்றி வர நேரிடும். அப்படியானால் முழுநாளுக்குப் பணம் கட்டாமல், வானம் வெளுக்கும் வரை அநுராதபுரத்தில் இன்னொரு நாள் தங்கிவிட்டுப் போகலாம்.